கிழிய வேண்டிய தையல்

"இழுத்துப் பாருங்க டீச்சர்" என்றேன்.

மணிமேகலை டீச்சர் கைப்பையை என் தையல் மேசைமேல் வைத்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு காரின் முன் கதவுப் பக்கம் குனிந்தார். டிரைவர் சீட்டின் சாய்மானத்தில், கதவை ஒட்டிய ஓரத்தில், இரண்டு தோல் துண்டுகள் சேரும் இடத்தில் பத்து விரல்களையும் கொடுத்து இரு பக்கமும் இழுத்தார்.

"இன்னும் பலமா. புதுசுன்னு பாக்காதீங்க."

மூச்சைப் பிடித்து இழுத்தார். தையல் அசையவில்லை. டீச்சருக்கு நெற்றி வியர்த்ததுதான் மிச்சம்.

"இன்னாக்கா இது, நூலா இரும்பா?" என்று சிரித்தார்.

எனக்கு அந்தச் சிரிப்பு ஒன்று போதும். வேலூர் ஆற்காடு ரோட்டில் எங்கள் சீட் கவர் ஷெட்டில் இது வழக்கமாகவே இருந்தது. வண்டியை எடுக்க வருகிறவர் சாவியை வாங்குவதற்கு முன் தையலை இழுத்துப் பார்த்தாக வேண்டும். என் வீட்டுக்காரர் தேவராஜ் சீட்டைக் கழற்றுவார், மாட்டுவார். வெட்டுவதும் தைப்பதும் நான். இழுத்துப் பார்க்கச் சொல்வதும் நான்தான். அதில் எனக்கிருந்த கர்வத்தை மறைத்துச் சொல்லிப் பயனில்லை.

டீச்சர் ஒடுகத்தூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் விவசாயக் குடும்பம். அந்த வீட்டுக்கு வந்த முதல் கார் அது. பஸ்ஸில் இத்தனை வருடம் நின்றுகொண்டே போய் வந்தவர், உட்காரும்போது நன்றாக உட்கார வேண்டும் என்று தேன் நிறத் தோலைத் தேர்ந்தெடுத்திருந்தார். சீட்டுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, கூட வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

அன்றைக்கு அவர் இழுத்தது இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்த வாரத் தொடரை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நேராகச் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை.

ஷூ லைனில் படித்த பாடம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் லைனில் நான் சேர்ந்ததையும், பிறகு அங்கேயே சூப்பர்வைசர் ஆனதையும் முந்தைய வாரங்களில் எழுதிவிட்டேன். அந்த லைனின் கடைசியில் ஒரு மெஷின் இருக்கும். தைத்த துண்டை அதில் இரண்டு பக்கமும் கவ்வவிட்டு, கிழியும் வரை இழுப்பார்கள். எவ்வளவு தாங்கியது என்று நம்பர் காட்டும்.

தோல் முதலில் கிழிந்தால் தப்பில்லை. அது மாட்டின் குறை. தையல் முதலில் கிழிந்தால் பண்டல் முழுக்கத் திரும்பி வரும். நான் சேர்ந்த புதிதில் அந்த அவமானம் எனக்கு ஒரு தடவை நடந்தது. நாற்பது பேர் பார்க்க, பண்டலைத் தூக்கிக்கொண்டு லைன் முழுக்க நடந்து என் மெஷினுக்குத் திரும்பினேன். கழிவறைக்குப் போய் அழுதேன். அதற்குப் பிறகு நான் தைத்தது எதுவும் திரும்பி வந்ததில்லை.

எங்கள் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் யாரைக் கேட்டாலும் தையல் கெட்டியாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்வார்கள். மெலிசான நூலைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பு வரும். எவனோ மிச்சம் பிடித்திருக்கிறான் என்றுதான் தோன்றும். வேறு காரணம் இருக்கலாம் என்று யோசிக்கவே வராது.

கம்பெனியில் ஆள் குறைத்தபோது வெளியே வந்து, பழைய மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு ஷெட் ஆரம்பித்தோம். என் வேலை என்று தெரிய, ஒவ்வொரு சீட்டின் சாய்மானத்திலும் மேல் மூலையில் சிவப்பு நூலில் மூன்று தையல் போடுவேன். அதைப் பார்த்துவிட்டே தேடி வந்தவர்கள் உண்டு.

சாமி மாதிரி வந்த கார்

கார் சீட் என்றதும் எனக்கு அப்பா ஞாபகம் வரும். அவர் ஆம்பூரில் ஒரு தோல் மண்டிக்காரரிடம் டிரைவர். முதலில் ஜீப்தான் ஓட்டினார். முதலாளி காருக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்பைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கார் கம்பெனி எத்தனை வண்டி செய்யலாம் என்பதைக்கூட அரசாங்கம்தான் சொல்லும். நாட்டில் இருந்ததே இரண்டு மூன்று வகைக் கார். கையில் பணத்தை வைத்துக்கொண்டு வருடக் கணக்கில் நிற்க வேண்டும். முதலாளியின் மூத்த பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது பதிவு செய்தாராம். அவள் வயதுக்கு வந்த வருடம் வண்டி வந்தது.

கறுப்பு கேட்டிருந்தார். வெண்ணெய் நிறத்தில் வந்தது. "வந்ததே பெருசு, கலர் இன்னா கலரு" என்று அப்பா சொன்னார். தெருவே கூடிப் பார்த்தது. முதலாளியம்மா சூடம் கொளுத்திச் சுற்றினார். மழை வந்தால் கதவு இடுக்கில் தண்ணீர் சொட்டும். யாரும் குறை சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகும், மாற்றி வாங்க வேறு கார் ஏது?

எனக்கு ஆச்சரியம் வேறு. தோல் மண்டிக்காரர் காரில் தோல் சீட் இல்லை. ரெக்சின். வெயில் காலத்தில் தொடை வெந்துவிடும். அப்பா துண்டை விரித்துத்தான் உட்காருவார். என்றைக்காவது ஒரு காருக்கு நானே தோல் சீட் தைப்பேன் என்று அந்தத் துண்டைப் பார்த்துத்தான் நினைத்திருக்க வேண்டும்.

ஆகவே, எல்லாவற்றையும் அரசாங்கம் கையில் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவள் அல்ல நான்.

பாயும் நானும்

இதைச் சொன்னால் இக்பால் பாய்க்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். மேல்விஷாரத்தில் பதப்படுத்திய தோல் விற்கிறார். ஷெட் ஆரம்பித்த நாளிலிருந்து எங்களுக்குத் தோல் அவரிடம்தான். தோலைப் பிரித்துப் பார்ப்பது பத்து நிமிடம், டீ குடித்துக்கொண்டே சண்டை போடுவது ஒரு மணி நேரம்.

அவர் அப்பாவின் தோல் தொழிற்சாலையை, கழிவுத் தண்ணீர் விவகாரத்தில் சீல் வைத்து மூடினார்கள். பாய் அப்போது இளைஞர். பூட்டின கதவுக்கு வெளியே அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர். அதிலிருந்து ரூல் என்ற வார்த்தையே அவருக்குப் பிடிக்காது.

"ரூலு ஜாஸ்தியானா தொழில் கம்மியாவும் ஸ்டெல்லாம்மா. கஸ்டமருக்குத் தெரியாதா எது நல்லதுன்னு? நல்லா இல்லன்னா வாங்க மாட்டான். அவ்ளோதான் மேட்டரு."

"எங்க தெருக் கெணத்துல தண்ணி டீ கலருல வந்துது பாய். சோறு வடிச்சா மஞ்சளா இருக்கும். அந்தத் தண்ணிய நாங்க எந்தக் கடையில வாணாம்னு சொல்றது?"

 தோல் கழிவு கலந்த பாலாறு அவருக்கும் ஆறுதான். மீதி அரை கிளாஸ் டீயை உறிஞ்சி முடிப்பார். பிறகு வேறு பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்.

காரில் ஆறு ஏர்பேக் வைப்பதைக் கட்டாயமாக்கப் போவதாக அரசாங்கம் சொல்லி, பிறகு கட்டாயம் வேண்டாம், கம்பெனிகளே போட்டி போட்டுக்கொண்டு வைக்கின்றன என்று விட்டுவிட்ட சமயம். பாய்க்குப் பெருநாள் மாதிரி சந்தோஷம்.

"பாத்தீங்களா? ஜனங்க கேட்டாங்க, கம்பெனிக்காரன் குடுக்கிறான். இப்ப ஷோரூம்ல போனா மைலேஜ் கேக்கறதுக்கு முன்னாடி, சேஃப்டிக்கு எத்தினி ஸ்டாருன்னு கேக்கிறான். நடுவுல கவர்மென்ட் எதுக்கு?"

"அந்த ஸ்டார ஒட்டறது யாரு பாய்? காரை மோதிப் பாத்து மார்க்கு போடறதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல?"

"உங்ககிட்ட பேசினா பேஜாரு" என்று கிளாஸைக் கீழே வைத்தார். ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மணிமேகலை டீச்சர் காரை வாங்கியதே அப்படித்தான். பின்சீட்டில் பிள்ளைகள், பாதையில் லாரிகள். ஆறு ஏர்பேக் இருக்கிற வண்டிதான் வேண்டும் என்று யாரும் சொல்லாமல் அவரே முடிவு செய்திருந்தார்.

அந்தத் தாளில் இருந்த ஒரு வரி

டீச்சருக்கு வண்டியைத் திருப்பிக் கொடுத்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். தோல் எடுக்க மேல்விஷாரம் போயிருந்தேன். பாய் மேசையில் ஒரு புதுத் தாள் கிடந்தது. வெளிநாட்டுக் கார் சீட்டுக்குத் தோல் அனுப்ப அவருக்கு முதல் ஆர்டர். தைத்த மாதிரித் துண்டுகளும் கேட்டிருந்தார்கள்.

அப்படித் தாள் கண்ணில் பட்டால் எனக்குப் படிக்காமல் இருக்க முடியாது. பழைய சூப்பர்வைசர் புத்தி. ஒவ்வொரு தையலுக்கும் நேரே, குறைந்தது எவ்வளவு தாங்க வேண்டும் என்று போட்டிருந்தது. ஒரே ஒரு தையலுக்கு மட்டும் தலைகீழாக இருந்தது. இவ்வளவுக்கு மேல் தாங்கக் கூடாது.

"பாய், இங்க தப்பா அடிச்சிருக்கான் பாருங்க."

"தப்பில்லம்மா. நானும் அப்பிடித்தான் நெனச்சி போன் போட்டு கேட்டேன். அந்த எடத்துல உள்ளே ஏர்பேக் கீதாம். வண்டிய சைடுல இடிச்சா, சீட்டோட தையலக் கிழிச்சிகினு வெளிய வரணும். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள. தையல் புடிச்சிகிச்சின்னா உள்ளயே மாட்டிக்கும், இல்ல வேற பக்கமா வரும். ஆளைக் காப்பாத்தாது."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன்.

டீச்சர் காரின் கம்பெனித் துணியைக் கழற்றிய நாள் ஞாபகம் வந்தது. கதவோரத் தையலில் மட்டும் வேறு நூல், மெலிசாக. "இவ்ளோ லட்சம் வாங்கினு நூல்ல மிச்சம் புடிச்சிருக்கான் பாரு" என்று தேவராஜிடம் காட்டிச் சிரித்தேன். இருவரும் சேர்ந்து சிரித்தோம். பக்கத்திலேயே ஏர்பேக் என்று ஆங்கிலத்தில் எழுதிய சின்ன லேபிள் தொங்கியது. ஸ்டியரிங்கில்கூடத்தான் எழுதியிருக்கிறது, கம்பெனியின் விளம்பரம் என்று நினைத்தேன். அது கொஞ்சம் கோணலாக இருந்தது. ஷூவில் லேபிள் கோணலாக இருந்தால் பொறுக்காதவள் ஆயிற்றே, அதைப் புதுத் தோலில் நேராக வைத்துத் தைத்தேன். அந்தக் கதவோரம் முழுக்க, ஷெட்டில் இருப்பதிலேயே கெட்டியான நைலான் நூலில், இரட்டைத் தையல்.

பழைய கார்களில் சீட்டுக்குள் எதுவும் இருக்காது. அதனால் அதுவரை நான் செய்தது தப்பாகவில்லை. புது வண்டிகள் வந்ததும் தப்பாகிவிட்டது. காரோடு வரும் புத்தகத்தில், சீட்டின் பக்கத்தை மூடாதே என்று தெளிவாகவே எழுதியிருந்தது. பிறகு எடுத்துப் பார்த்தேன். அந்தப் புத்தகத்தை நாம் எங்கே பிரிக்கிறோம்?

பயந்துபோனேன். அழுகைகூட வரவில்லை, பயம்தான். டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்ததே திரும்பத் திரும்ப வந்தது.

யாரும் கேட்காத வேலை

ஷெட்டுக்குத் திரும்பியதும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். எந்த வண்டி, என்ன நிறத் தோல், யார், போன் நம்பர் என்று எழுதி வைப்பது வழக்கம். சீட்டில் ஏர்பேக் உள்ள வண்டிகளாகப் பொறுக்கினால் இருபத்தேழு வந்தது.

எங்களைப் போன்ற ஷெட்டுக்கு வந்து, இந்த நூலைப் போடு, அந்தப் பக்கத்தைத் தொடாதே என்று எந்த அதிகாரியும் சொன்னதில்லை. வண்டிக்காரர்கள் யாரும் குறை சொல்லவில்லை. சொல்லப்போனால் எல்லோருக்கும் பரம திருப்தி. நான் பேசாமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

ஷெட்டுக்கு வந்த பாய் அதைத்தான் சொன்னார். "விடுங்கம்மா. இருபத்தேழு பேருக்கும் போன் போட்டு, நான் தப்பா தச்சிட்டேன்னு சொன்னா நாளைக்கு எவன் உங்க ஷெட்டுக்கு வருவான்? ரூலே இல்லாத எடத்துல நீங்க எதுக்கு ரூல் போடறீங்க?"

 நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். மேலிருந்து நாலாவது பெயரில் அவர் கண் நின்றது.

"என் வண்டியுமா?"

"நீங்கதான பாய் ஆசைப்பட்டு கேட்டீங்க, காபிக் கலரு."

மறுநாள் நாங்கள் ஷெட்டைத் திறக்க வரும்போது வாசலில் பாயின் கார் நின்றிருந்தது. முதல் ஆள். முகத்தைப் பார்க்காமல் சாவியைக் கொடுத்தார். "ரூலுக்காக வரல. பொண்ணு ஓட்டறா" என்றார்.

மற்றவர்களுக்கு ஒவ்வொருவராக போன் செய்தேன். பழைய கம்பெனித் துணியைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு முன்சீட்டில் அதையே திரும்ப மாட்டினோம். இல்லாதவர்களுக்குக் கம்பெனியிலிருந்து வரவழைத்தோம். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் திட்டினார், வாங்கிக்கொண்டேன். நாலைந்து பேர், "நல்லாத்தான இருக்கு, விடுங்க" என்றார்கள். அவர்களிடம் மறுபடி மறுபடி கேட்பதுதான் பெரும்பாடு. என் தையல் நல்லது என்று அவர்கள் சொல்ல, இல்லை, கெட்டது என்று நான் வாதாட வேண்டியிருந்தது.

ஒடுகத்தூர் பஸ்

அந்த நாலைந்து பேரில் மணிமேகலை டீச்சரும் ஒருவர். முதலில் பரீட்சை என்றார். பிறகு மல்லாட்டை பிடுங்குகிறார்கள் என்றார். பிறகு போனை எடுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நானே பஸ் ஏறிவிட்டேன். பையில் தையல் பிரிக்கிற கத்தி, தேவராஜ் சொல்லிக் கொடுத்தபடி ஏர்பேக் தவறி விரிந்துவிடாமல் பேட்டரி வயரைக் கழற்ற ஒரு ஸ்பேனர். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்திருந்தது. வேப்ப மரத்தடியில் வெள்ளைக் கார் நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

"இன்னாக்கா, இவ்ளோ தூரம்!" என்று டீச்சர் கை கழுவாமலே ஓடி வந்தார்.

"டீச்சர், சாவி குடுங்க. பிரிச்சிட்டுத்தான் போவேன்."

"ஐயோ, ஆசையா போட்டதுக்கா. எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

"தெரியும். அந்தப் போட்டோவ நானும்தான் பத்து பேருக்குக் காட்டினேன்."

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். உடனே கை வைக்கக் கூடாது என்று தேவராஜ் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில், தாளில் இருந்ததையும் பாய் சொன்னதையும் டீச்சரிடம் முழுக்கச் சொன்னேன். அந்த மெலிசான நூலைப் பார்த்து நான் சிரித்ததையும் சொன்னேன்.

பிறகு பிரித்தேன். என் தையல் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு கண்ணாக அறுக்க வேண்டியிருந்தது. முன்சீட் இரண்டும் ஓரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். கணக்கு டீச்சர் அல்லவா, அவர் மனசில் ஏதோ ஓடியிருக்கிறது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கி நீங்க இழுத்துப் பாக்கச் சொன்னப்ப, அது கிழிஞ்சிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்?"

"இன்னா பண்ணியிருப்பீங்க?"

"வாணாம்னு எதிர்க் கடைக்குப் போயிருப்பேன். கிழியாதது எதுவோ அதப் போட்டிருப்பேன்."

 பாய் சொல்லும் அந்த கஸ்டமர் என் எதிரில் நின்றிருந்தார். ஏமாளி இல்லை, படித்தவர், ஆறு ஏர்பேக் வேண்டும் என்று தானே தேர்ந்தெடுத்தவர். பலம் கொண்ட மட்டும் சோதித்துப் பார்த்துத்தான் வாங்கினார். சோதிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். இருவருக்குமே தெரியாது. தெரிந்த எவனாவது அன்றைக்கு நடுவில் நின்று, இதைச் செய்யாதே என்று சொல்லியிருந்தால் நான் அவனோடு சண்டை போட்டிருப்பேன். ஆனாலும் அவன் நின்றிருக்க வேண்டும்.

வாய் பிளந்த சீட்டிலேயே உட்கார்ந்து டீச்சர் என்னை பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கு வந்து துணியை மாட்டிக்கொண்டு போனார். பின்சீட்டில் மட்டும் தேன் நிறத் தோல் இன்னும் இருக்கிறது.

இருபத்தேழாவது வண்டி

இருபத்தாறு வந்துவிட்டது. ஒன்று வரவில்லை.

அந்த வண்டிக்காரர் காரை விற்றுவிட்டார். வாங்கியவர் ஒரு புரோக்கர். அவர் யாருக்கோ கைமாற்றிவிட்டார், நம்பர் இல்லை என்கிறார். கார் கம்பெனி ஒரு தப்பு செய்துவிட்டால் வண்டிகளைத் திரும்பக் கூப்பிட விதி இருக்கிறது. என்னைப் போல் ஷெட் வைத்திருப்பவள் கூப்பிட என்ன வழி என்று யாருக்கும் தெரியவில்லை.

நூல் வாங்க லாங் பஜார் போகும்போதெல்லாம், நிறுத்தியிருக்கும் கார்களுக்குள் எட்டிப் பார்க்கிறேன். போன மாதம் ஒருவர், "இன்னாம்மா பாக்கற?" என்று என்னைத் திருடி மாதிரி விரட்டினார். அவர் சீட் ரெக்சின். நான் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன்.

அதனால்தான் இந்த வாரம் என் கதையை இங்கே கொண்டுவந்து நிறுத்தினேன். இந்தப் பத்திரிகை வேலூரைச் சுற்றி எத்தனையோ வீடுகளுக்குப் போகிறது. சலூனில் கிடக்கும், டீக்கடையில் கிடக்கும். யாராவது ஒருவர் கண்ணில் படாதா?

கருநீலக் கார். செங்கல் நிறத் தோல். சாய்மானத்தின் மேல் மூலையில் சிவப்பு நூலில் மூன்று தையல். பழைய வண்டியாக இதை நீங்கள் வாங்கியிருந்தால், முன் கதவைத் திறந்து, சீட்டின் கதவோரத் தையலை இரண்டு கையாலும் பலமாக இழுத்துப் பாருங்கள்.

கிழியவில்லை என்றால், தயவுசெய்து உடனே என்னிடம் கொண்டுவாருங்கள்.